ஏறும் பாதையும் திரும்பும் வழியும்: பினாங்கில் எந்த மாதத்தில் எங்கே நடப்பது?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் உள்ள அனைவரும் சேர்ந்து காட்டுப் பாதையில் நடக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அனைவரும் என்றால் நான், முழங்கால் வலியுள்ள 68 வயது அப்பா, தங்கை, பதினொரு வயதான தங்கை மகள் ஆகிய நால்வர். முடிவு செய்வது எளிதாக இருந்தது. எங்கே நடப்பது என்பதில் ஒத்துப்போவதற்குத்தான் நாள் பிடித்தது. தங்கைக்குக் கடற்கரை வேண்டும். அப்பாவுக்குக் கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சியில் இருக்கும் முருகன் கோயில் வேண்டும். சிறியவளுக்குக் குரங்கு எங்கே அதிகமோ அந்த இடம் வேண்டும். பேசிப் பேசி, நான்கு பாதைகளில் ஒன்றை ஆண்டு முழுவதற்குமாகத் தேர்ந்தெடுப்பது என்று தொடங்கினோம். தாவரவியல் பூங்கா அருகிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் சாலை, அதே மலையின் நிலா வாசல் படிப்பாதை, தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவின் பந்தாய் கெராச்சுட் பாதை, தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜாமின் செரோக் தோக்குன் மலை ஆகியவையே அந்த நான்கு.

ஓராண்டு நடந்து பார்த்த பிறகு, ஒரே பாதை என்ற எண்ணத்தையே நாங்கள் கைவிட்டுவிட்டோம். நீளம், உயரம், அழகு ஆகியவற்றை வைத்துப் பாதைகளை ஒப்பிடுவது இயல்புதான். ஆனால் எங்களைப் போல முதியவரையும் குழந்தையையும் அழைத்துச் செல்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டால், அல்லது ஒருவருக்குக் கால் தளர்ந்துவிட்டால், எப்படித் திரும்பி வருவது? இந்தக் கேள்விக்கான விடை ஒவ்வொரு பாதைக்கும் வேறு. அதே பாதைக்கே மாதத்துக்கு மாதம் வேறு.

நம் ஊரில் பருவமே இல்லை, எப்போதும் வெயிலும் மழையும்தான் என்று சொல்வோர் உண்டு. நடப்பவர்களுக்கு அது பொருந்தாது. வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளத்தில் ஆழ்த்தும் காலத்தில், தித்திவங்சா மலைத்தொடர் அந்த மழையைத் தடுத்து நிறுத்துவதால், பினாங்கு தன் வறண்ட நாட்களைக் காண்கிறது. ஜனவரியும் பிப்ரவரியும் இங்கே மிகக் குறைவாக மழை பெய்யும் மாதங்கள். சராசரியாக மாதத்துக்கு 100 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஏப்ரல், மே மாதங்களில், பருவக்காற்று திசை மாறும் இடைவேளையில், பிற்பகலில் இடியுடன் கூடிய மழை வழக்கமாகிறது. அதன் பிறகு வரும் தென்மேற்குப் பருவக்காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீரென்று சூறைக்காற்றும் மழையும் வந்து, சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். செப்டம்பரும் அக்டோபரும்தான் உச்சம். சராசரியே 300 மில்லிமீட்டரைத் தாண்டும், நவம்பரும் நம்பத்தக்கதல்ல. கிழக்குக் கரையின் செய்திகளைப் பார்த்து டிசம்பர் இறுதியில் நடையை நிறுத்திவிட்டு, பள்ளி விடுமுறை என்பதற்காகச் செப்டம்பரில் காட்டுக்குள் போகும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்கள் பருவத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஜீப் சாலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் எங்கள் மாதங்களில் பாதியை அதுதான் எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளம். மலைவாசிகளின் வாகனங்களும் பராமரிப்பு வண்டிகளும் செல்வதற்கான தார்ச்சாலை. கடல் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து 700 மீட்டர் வரை அது ஏறிவிடுகிறது. காடு இருபுறமும் கவிந்திருப்பதால் வெயில் தலையில் இறங்குவதில்லை. ஆனால் சில வளைவுகளின் சரிவு, மூச்சை அடக்கிக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலால் நடக்க வைக்கும். பழகியவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறுகிறார்கள். நாங்கள் முதன்முறை மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். பாதி வழியில் '84' என்று எல்லோரும் அழைக்கும் ஓய்விடம் இருக்கிறது. தன்னார்வலர்கள் பராமரிக்கும் இடம் அது. அங்கே கிடைக்கும் சூடான தேநீரைக் குடித்துவிட்டு, பெட்டியில் ஓரிரு ரிங்கிட் போட்டுவிட்டு நகர்வதே வழக்கம். நாங்கள் முதல் நாள் அங்கே உட்கார்ந்தபோது, அப்பாவைவிட மூத்த சீனப் பெரியவர் ஒருவர், தோளில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளுடன் எங்களைக் கடந்து போனார். அப்பா அவரையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போலாமாய்யா?" என்று எழுந்துவிட்டார். அதுவரை முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவர் அவர்.

இந்தப் பாதையின் பெரும் சிறப்பு, இரண்டு வகையில் திரும்ப முடியும் என்பதே. களைத்துப்போனால் எந்த வளைவிலும் திரும்பி, வந்த தார்ச்சாலையிலேயே இறங்கிவிடலாம். வழி தவறும் அச்சமில்லை. உச்சியை எட்டிவிட்டால், 1923இல் ஓடத் தொடங்கி, 2011இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்ட மலை ரயில் சில நிமிடங்களில் ஆயர் ஈத்தாமில் இறக்கிவிடும். முழங்கால் நோயுள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே துன்பம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். சரிவான தார்ச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் இறங்குவது மூட்டில் சுத்தியலால் அடிப்பதைப் போன்றது. ஆகவே அப்பாவுக்காக, ஏறுவது காலால், இறங்குவது ரயிலால் என்று வகுத்துக்கொண்டோம். அதில் ஒரு சிக்கல் உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நடை தொடங்கும் இடம் தாவரவியல் பூங்கா. ரயில் இறக்கிவிடும் இடம் ஆயர் ஈத்தாம். காரைப் பூங்காவில் நிறுத்தியிருந்தால், அங்கே திரும்ப கிராப் வாடகைக் காரை அழைக்க வேண்டும். விடுமுறை நாட்களில் ரயிலுக்கு நெடிய வரிசை நிற்கும் என்பதையும், பராமரிப்புக்காக அது சில நாட்கள் நிறுத்தப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு முறை நாங்கள் அறிவிப்பைப் பார்க்காமல் ஏறிவிட்டு, உச்சியில் ரயில் இல்லை என்று அறிந்து, அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி வந்தோம். அன்று மாலை அவரால் படியேற முடியவில்லை. திரும்பும் வழியைப் புறப்படுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

ஜீப் சாலைக்கும் மழைக்காலத்துக்கும் உள்ள உறவு நேர்மையாகச் சொல்லப்பட வேண்டியது. தார்ச்சாலை என்பதால் சாதாரண மழையில் அது மற்ற மூன்றில் இரண்டைவிடப் பாதுகாப்பானது. குடை பிடித்துக்கொண்டே நடக்கலாம். ஆனால் கடும் மழையில் அதே சாலையின் மேட்டுப் பக்கம் சரியக்கூடியது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைத் தாக்கிய புயல் மழையில் இந்த மலையின் பல இடங்களில் மண் சரிந்ததை நம்மில் பலர் மறக்கவில்லை. இரண்டு நாள் தொடர்ந்து பெய்த பிறகு, மூன்றாம் நாள் வானம் தெளிந்துவிட்டாலும்கூட, நாங்கள் மலைக்குப் போவதில்லை. மண்ணுக்குள் இறங்கிய நீர் வெளியேற நாள் எடுக்கும் என்பது, வானத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்குப் புலப்படாது.

நிலா வாசல், அதே மலையின் இன்னொரு முகம். தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையோரத்தில், பழைய காலத்துச் செல்வந்தர் ஒருவரின் நினைவாக மிஞ்சி நிற்கும் வட்ட வடிவ வாயில் அது. அதைத் தாண்டியதும் படிகளும் வேர்களும் செம்மண்ணும். இதுவும் '84'க்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றாலும், தார்ச்சாலையில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: காட்டுக்குள் இருக்கிறோம் என்ற உணர்வு. சிறியவள் முதன்முதலில் கறுப்பு லோத்தோங் குரங்கின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி ஒன்றைப் பார்த்தது இங்கேதான். தாய் சாம்பல் கறுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்; குட்டியோ பழுத்த மாம்பழத்தின் நிறம். அவை நம்மிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை, இலை தின்பதிலேயே முனைப்பாக இருக்கும். பூங்கா வாசலில் பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பாயும் நீண்டவால் குரங்குகளோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

வறண்ட மாதங்களில் நால்வகைப் பாதைகளில் இதையே முதலில் வைப்பேன். மழை மாதங்களில் இதையே கடைசியில் வைப்பேன். சென்ற அக்டோபரில் நானும் ஒரு நண்பரும் மட்டும் காலையில் ஏறினோம். ஒன்பது மணிக்கு நிழல் திடீரென்று அடர்ந்தது, காற்றில் மண்வாசனை, ஐந்து நிமிடத்தில் மழை. படிகளின் நடுவே இருந்த பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடை ஆயின. செங்கல் நிறத் தண்ணீர் கணுக்காலைத் தொட்டு ஓடியது, எது படி, எது வேர் என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, பல ஆண்டுகளாக அலமாரியில் இருந்த நண்பரின் விலையுயர்ந்த மலையேற்றக் காலணியின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. நம் ஊர் ஈரப்பதத்தில், பயன்படுத்தாமல் வைத்திருக்கும் காலணியின் பசையும் நுரையடியும் தாமாகவே சிதைந்துபோகும் என்பதை அதன் பிறகே அறிந்தோம். காலணியைத் துண்டால் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். இறங்கும் வழி ஏறிய வழி ஒன்றே, அதுவோ ஓடையாகிவிட்டது. முன்னே '84' வரை போய்ச் சேர்ந்து ஜீப் சாலையைப் பிடித்திருந்தால் எளிதாக வந்திருப்போம் என்பது, கீழே வந்து சேர்ந்த பிறகே தோன்றியது. மேலே போவதும் ஒரு திரும்பும் வழி என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

காலணி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நாங்கள் நால்வரும் அணிவது 'அடிடாஸ் கம்போங்' என்று நாடு முழுதும் அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணி. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் அணிந்த அதே காலணிதான். தாத்தாவின் கால்களில் இதைப் பார்த்த நினைவு அப்பாவுக்கு இன்றும் உண்டு. ஒரு துண்டாக வார்க்கப்பட்ட ரப்பர் என்பதால் பிளக்காது, முட்கள் போன்ற அடிப்பாகம் ஈரக் களிமண்ணைப் பற்றிக்கொள்ளும், கழுவினால் காய்ந்துவிடும். ஜீப் சாலையின் கடினமான தாருக்கு மட்டும் அது உகந்ததல்ல. மெத்தென்ற உள்ளடி இல்லாததால் அப்பாவின் முழங்கால் அதை உடனே உணர்த்திவிடும். அங்கே சாதாரண ஓட்டக் காலணியே மேல்.

தைப்பூசத்தைப் பற்றி ஒரு வரி தேவை. மழை மிகக் குறைவாக உள்ள நாட்களில்தான் தைப்பூசம் வருகிறது. நடைக்கு உகந்த அந்த வாரத்திலேயே தண்ணீர்மலைச் சாலை பக்தர்களால் நிரம்பி வாகனங்களுக்கு மூடப்பட்டுவிடும். நிலா வாசலும் தாவரவியல் பூங்காவும் அந்தச் சாலையில்தான் உள்ளன. எனவே அந்த மாதம் எங்கள் நடை, தண்ணீர்மலையில் உள்ள அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளோடு நிறைவடைகிறது. அதில் யாருக்கும் குறையில்லை. அப்பாவுக்கு மிகுந்த நிறைவு.

இனி, தங்கை கேட்ட கடற்கரை. பினாங்கு தேசியப் பூங்கா 2003இல் அறிவிக்கப்பட்டது. மலேசியாவின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது. ஜார்ஜ் டவுனின் கொம்தார் கட்டடத்திலிருந்து 101 எண் பேருந்து தெலுக் பஹாங் வரை செல்கிறது. வாசலில் பெயரைப் பதிவு செய்துவிட்டு உள்ளே போனால், கடலோரமாகச் சிறிது தூரம் நடந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். வலது கடலை ஒட்டியே குரங்குக் கடற்கரைக்கும், அதற்கும் மேலே 1883இல் கட்டப்பட்ட முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கும் செல்லும். இடது மேட்டில் ஏறி, காட்டைக் கடந்து, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பந்தாய் கெராச்சுட்டில் கொண்டுபோய் விடும். கலங்கரை விளக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கடினம் என்பதால் ஒதுக்கிவிட்டோம்.

கெராச்சுட்டுக்குப் போகும் பெரும்பாலோர் தேடுவது அங்குள்ள ஏரியை. மழைநீர் மேலே, உள்ளே வரும் கடல்நீர் கீழே. அடர்த்தி வேறுபாட்டால் இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும் அரிய நீர்நிலை அது. இங்கேதான் தேர்வில் உண்மையான சிக்கல் எழுகிறது. பாதை நன்றாகக் காய்ந்து, படகு அமைதியாக வந்து நிற்கும் ஜனவரி, பிப்ரவரியில் ஏரி வற்றிப் புல்வெளியாகவே கிடக்கக்கூடும். ஏரி நிறைந்து நிற்பதைக் காண வேண்டுமானால் மழை மாதங்களில் போக வேண்டும். அப்போதோ மேட்டிலிருந்து இறங்கும் வேர்ப்படிகள் வழுக்கும். பிப்ரவரியில் முதன்முறை போனபோது, "ஏரி எங்கே மாமா?" என்று சிறியவள் மரப்பாலத்தில் நின்று கேட்டாள். கீழே வெடித்த சேறும் நண்டுப் பொந்துகளும்தான் இருந்தன. டிசம்பர் முதல் பாதியில், தொடர்ந்து நான்கைந்து நாள் வெயில் அடித்த பிறகு செல்வதே இந்த இரண்டுக்கும் நடுவான வழி என்று இப்போது கருதுகிறேன்.

ஏரி இல்லாவிட்டாலும் அந்தக் கரையில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பேராமைகளும், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை பங்குனி ஆமைகளும் முட்டையிட வரும். அவை இரவில் வருவதால் பகலில் நடப்பவர்கள் காண்பது குஞ்சுகளையும் தொட்டிகளையும் மட்டுமே. ஆயினும் குழந்தைக்கு அது போதுமானது. கடலில் இறங்க வேண்டாம். நீரோட்டமும் சொறிமீன்களும் உள்ள கரை அது. எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு முழங்கால் அளவு மட்டும் என்று இறங்குபவர்களைப் பார்த்து நான் அஞ்சியிருக்கிறேன்.

திரும்பும் வழி என்று பார்த்தால், கெராச்சுட்டுக்குப் படகு ஒரு பெரும் வசதி. நடந்து போய், பேசி வைத்த நேரத்தில் படகேறி, சில நிமிடங்களில் தெலுக் பஹாங் படகுத்துறைக்கு வந்துவிடலாம். அப்பாவால் இதைச் செய்ய முடிகிறது. ஆனால் ரயிலைப் போலப் படகு உறுதியானது அல்ல. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்கம் திறந்த கடல் கொந்தளிக்கும். படகோட்டி வரமாட்டேன் என்றால் அது நியாயமான மறுப்பு. அப்போது களைத்த கால்களோடு அதே மேட்டை இரண்டாம் முறை ஏறித்தான் வர வேண்டும். எனவே கெராச்சுட்டுக்கு நாங்கள் வைத்திருக்கும் விதி இதுதான்: படகு வராது என்று எண்ணிக்கொண்டு திட்டமிட வேண்டும், நால்வரும் நடந்தே திரும்பும் வலிமை இருக்கும் நாளில் மட்டும் போக வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை அப்பாவை அங்கே அழைத்துச் செல்வதில்லை.

செரோக் தோக்குனைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. அதன் பெருமை அதன் எளிமையில் உள்ளது. 500 மீட்டருக்குச் சற்று மேலான மலை, உச்சி வரை தார்ச்சாலை, காலையும் மாலையும் நடப்போர் கூட்டம், அடிவாரத்தில் அண்ணாந்து பார்க்க வைக்கும் முதிய மெங்குண்டோர் மரம், குழந்தைகள் கால் நனைக்க ஓடை. பெருநிலத்தில் வசிப்பவர்களுக்கு இதை விட்டால் வேறு தேடவே வேண்டாம் என்பேன். உச்சியில் ரயில் இல்லை, ஆகவே இறங்குவதும் காலால்தான். அதனால் அப்பா பாதி வழியில் நின்றுவிடுவார். அருகில் உள்ள புனித அன்னாள் தேவாலய வளாகத்தில், பல்லவ எழுத்தில் வெட்டப்பட்ட சமஸ்கிருத வரிகளைக் கொண்ட பாறை ஒன்று இருக்கிறது. நடை முடிந்து அந்தப் பாறையின் முன் நின்றபோது, கடல் கடந்து வந்து இங்கே உளி பிடித்தவரின் எழுத்து நம் எழுத்தின் உறவு என்பதைத் தங்கை மகளுக்கு விளக்க முயன்றேன். அவள் பாறையின் அந்த வளைவுகளைக் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தாள்.

இரண்டு இடையூறுகள் நான்கு பாதைகளுக்கும் பொது. ஒன்று புகைமூட்டம். சுமத்ராவில் காடும் கரிச்சதுப்பு நிலமும் எரியும்போது, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் கண்டதுபோல, ஜூலைக்குப் பின் எந்த வாரத்திலும் அது வரக்கூடும். காற்றின் மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் நாங்கள் எங்கும் நடப்பதில்லை. மலை ஏறுபவர் சாதாரணமாக அமர்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறார். மற்றொன்று டுரியான். மே முதல் ஆகஸ்ட் வரை பாலிக் புலாவ் பக்கம் இறங்கும் பாதைகள் பழத்தோட்டங்களின் ஊடே செல்வதால், விழும் காய் தலைக்கு ஆபத்து; வலை கட்டிய மரங்களின் கீழ் அந்நியர் நடப்பது தோட்டக்காரருக்கும் பிடிக்காது, அதில் அவர்மீது தவறில்லை. அந்தப் பக்கத்தை எங்கள் பட்டியலில் சேர்க்காததற்கு இதுவே காரணம்.

புறப்படும் நேரம் பருவத்தைப் போலவே முக்கியம். இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது; பிற்பகல் இரண்டுக்குப் பின் இடி மழை வாய்ப்புக் கூடுகிறது. விடிந்தவுடன் தொடங்கி, நண்பகலுக்குள் திரும்பும் வழியில் இருக்க வேண்டும். முந்தைய இரவு மைசுவாச்சா செயலியில் வானிலையைப் பார்க்கிறோம். காலையில் சுமத்ரா பக்கச் சூறைக்காற்று தெரிந்தால், அது ஓயும் வரை வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கிறோம். இடிச் சத்தம் கேட்ட நொடியில் திரும்ப வேண்டும், உச்சி பத்து நிமிடத்தில் இருந்தாலும்.

இவற்றை எல்லாம் வைத்து எங்கள் ஆண்டு இப்படி அமைந்திருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை கெராச்சுட்டும் நிலா வாசலும். தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலைப் படிகள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஜீப் சாலையில் ஏறி ரயிலில் இறங்குதல், நடுவே ஒரு மாதம் செரோக் தோக்குன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை, முந்தைய மூன்று நாட்கள் மழை குறைவாக இருந்தால் ஜீப் சாலையில் '84' வரை மட்டும். உச்சியை எட்ட வேண்டும் என்ற கட்டாயம் அந்த மாதங்களில் இல்லை. அடுத்த ஞாயிறு அப்படிப்பட்ட ஒரு நாள். அப்பா நேற்றே தன் ஓட்டக் காலணியைக் கழுவி, காய்வதற்காகச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். பெட்டியில் போடுவதற்கென்று புதிய ஐந்து ரிங்கிட் தாள் ஒன்றை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.